நூறு மூட்டை

நாரின் நகரில் நதி உறைந்த வாரம்
கரிக்கிடங்குத் தராசின் பக்கத்தில் உட்கார்ந்து
ரசீதுப் புத்தகத்தின் முதுகில் இரண்டு வரி எழுதினேன்.
அஞ்சல்வழிப் படிப்பின் நான்காம் பயிற்சி.

தேவை = 900 − 2 × விலை
அளிப்பு = 3 × விலை − 100

பாடத்தில் இருந்த எண்கள் வேறு.
இவை என் பேரேட்டில்
இரண்டு குளிர்காலத்தைப் பிழிந்து எடுத்தவை.

இரண்டையும் சமம் என்று வைத்தால்
ஐந்து விலை ஆயிரம்.
விலை இருநூறு சோம், மூட்டை ஐந்நூறு.
கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தில்
பென்சிலால் புள்ளி வைக்கப் போனேன்,
கரித்தூள் முன்பே ஒன்று வைத்திருந்தது.

பிறகு நெகிழ்ச்சி.
இரண்டை இருநூறால் பெருக்கி ஐந்நூறால் வகுத்தேன்:
0.8. ஒன்றுக்குக் கீழே.
வலித்தாலும் வாங்குவார்கள் என்று அர்த்தம்.
கிடங்குக்காரர் எசென்பெக்கிடம் சொன்னேன்.
"இதற்குமா பரீட்சை?" என்றார்.

செவ்வாய் இரவு பனி சரிந்து
சுரங்கத்துச் சாலை மூடிப்போனது.
அளிப்பு வரியில் நூறை அடித்து
முந்நூற்றைம்பது என்று திருத்தினேன்.
பழைய விலையில் ஐந்நூறு கேட்கிறார்கள்,
இருப்பதோ இருநூற்றைம்பது.
கணக்கில் இது ஒரு கழித்தல்.
வாசலில் இது
தபால் நிலையம் வரை நின்ற வரிசை.

விலையை நாங்கள் ஏற்றவில்லை. சத்தியமாக.
வரிசையின் கடைசியில், லாடா காரின் ஜன்னலை இறக்கி,
"இருநூற்றிருபது தருகிறேன்" என்றது ஒரு குரல்.
முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அது இருநூற்றைம்பதில் நின்றது,
சமன்பாடு சொன்ன அதே இடத்தில்.
நானூறு மூட்டை.
முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டேன்.

250 × 400: ஒரு லட்சம்.
முன்பு 200 × 500: அதே லட்சம்.
நெகிழ்ச்சியோ இப்போது 1.25.
ஐந்தில் நான்கு, நான்கில் ஐந்தாகக் கவிழ்ந்திருந்தது.
நடுவில், இருநூற்றிருபத்தைந்தில்,
அது சரியாக ஒன்றாக இருந்த கணம்
வரிசையில் யார் கையுறையைக் கழற்றிச்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்களோ.

எசென்பெக் பணப்பெட்டியைப் பூட்டினார்.
"நஷ்டமில்லை."
நஷ்டமில்லைதான்.
நூறு மூட்டைதான் இல்லை.

எந்த வீடுகள் அந்த நூறை எரிக்காமல் விட்டன என்று
வரிகள் சொல்லாது. நான் பார்த்தவரை,
பள்ளிக்கூடம் விலை கேட்காமல் நாற்பது வாங்கியது.
வங்கிக்காரர் வீட்டுப் புகைபோக்கி
வழக்கம்போல் பெருமூச்சு விட்டது.
உமுத் தன் இரண்டு அறையில் ஒன்றைப் பூட்டிவிட்டாள்,
பூட்டிய அறையில் தண்ணீர்க் குடம் வெடித்த கதையைச்
சிரித்துக்கொண்டே சொன்னாள்.
பாலத்துக்கு அப்பால் வறட்டிப் புகை.
ஓட்டுநர் ஜுமாலி சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்
தங்கை வீட்டுக்குப் போய்விட்டான்.
மாற்றுப் பண்டங்கள் என்கிறது பாடம்,
வறட்டியையும், தங்கையையும்.

சனிக்கிழமை, கதவை இழுக்கும் நேரத்தில்,
குழந்தையின் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு
இதிரிஸ் வந்தார். கையில் நூற்றிருபது.
"அரை மூட்டை கிடைக்குமா?"

அரைக்கு நூற்றிருபத்தைந்து.
அரைக்குப் பேரேட்டில் பத்தியும் இல்லை.
ஒரு மூட்டையின் வாயை அறுத்துப் பாதியைக் கொட்டினேன்,
பாதிக்கு மேலும் கை போனது.
தராசு முள் குளிரில் ஒட்டிக்கொண்டது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் இறக்கத்தில் போனார்.
கிழிசல் வழியே கரி சிந்தி
வெள்ளைப் பனியில் கருப்பாய் ஒரு கோடு,
இடமிருந்து வலம், கீழ்நோக்கி,
பயிற்சிப் புத்தகத்தில் இருப்பதைவிட நேராக.

'சிந்தியது' என்ற பத்தியில்
கால் மூட்டை என்று எழுதினேன்.
முழுப் பொய்யும் இல்லை அது.